நாளைக்குக் காலையிலே முதல் வேலையா ஆள் வரும்

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அந்த நிமிடத்தில் என் மகனின் வகுப்பாசிரியை சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "எட்டு மணிச் சந்திப்புக்கு எட்டுப் பதினேழுக்கு வாறீங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, மேசைக்குக் கீழே, மடியில் இருந்த போனில் ஒரு பொத்தானை அழுத்தினேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் இப்போது இருக்கும் வெள்ளவத்தைக் கந்தோரில், காலி வீதிப் பக்க ஜன்னலோரக் கதிரையில், போன வருடம் வரை நான்தான் இருந்தேன். ஃப்ரீசர், மின்விசிறி, ரைஸ் குக்கர் என்று கம்பனி விற்கும். பழுதானால் ஆட்கள் நம்மிடம் முறையிடுவார்கள். அந்த முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டே என் தலைமுடி நரைத்தது. மிச்சத்தை என் இரண்டு பிள்ளைகளும் நரைக்க வைத்தார்கள். நானாகவே கேட்டு, வயதுக்கு முன்னதாக இளைப்பாறிவிட்டேன். ஆனாலும் எங்காவது போன் அதிர்ந்தால் கை தானாக என் பையைத் தேடுகிறது. போன கிழமை கோயிலில் பக்கத்தில் நின்றவரின் போன் அதிர்ந்தபோது, "வேண்டாம், அனுமதி இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் பாவம், பூசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஷர்மிளாதான் இப்போது உங்கள் முகாமையாளர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். "டெக்னிக்கலா ஒண்டும் வேண்டாம் அக்கா. நீங்கள் பயந்ததை எழுதுங்கோ" என்றாள். அது என்னால் முடியும்.

நீங்கள் தினமும் வேலை வாங்கும் ஏஐ ஏஜென்டை முறைப்பாட்டு மென்பொருளோடு முதன்முதலாக இணைத்தது எங்கள் காலத்தில்தான். அதற்கு முன் அது வெறுமனே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். இணைத்த பிறகு அதற்குக் கையும் காலும் வந்துவிட்டது. பழைய முறைப்பாடுகளை வாசிக்கும், வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்பும், டெக்னீசியனின் நாட்காட்டியில் வேலைகளைப் போடும். கந்தோரில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் புதுப்பிள்ளை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையைப் போல எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தது.

அப்படிக் கேட்கச் சொன்னது நான்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை இணைத்தபோது எந்த அனுமதி வேண்டும் என்று ஒரு திரை வந்தது. எதைச் செய்வதற்கு முன்பும் என் போனில் கேட்க வேண்டும் என்று போட்டேன். என் பிள்ளைகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். அதைப் பார்த்து ஷர்மிளா சிரித்தாள்.

"அக்கா, அது மூச்சு விடுறதுக்கும் உங்களைத்தான் கேக்கப் போகுது."

"கேக்கட்டும். கேக்கிற பிள்ளை கெட்டுப் போகாது."

அது கேட்டது. இந்த முறைப்பாட்டைத் திறக்கட்டுமா? அடுத்ததைத் திறக்கட்டுமா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமா? பஸ்ஸில் கேட்டது, சாப்பிடும்போது கேட்டது, மகளின் தலை பின்னும்போது கேட்டது. முதலில் ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டு வாசித்தேன். பிறகு கண்ணாடி இல்லாமல் வாசித்தேன். பிறகு வாசிக்காமலே "இம்முறை மட்டும் அனுமதி" என்பதை அழுத்தினேன். பயந்த தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கேட்கச் சொன்னால் கடைசியில் எதையும் கேட்காத காது ஒன்று நமக்கு முளைத்துவிடும்.

சனிக்கிழமை, வகுப்பறையில், போன் என் மடியில் பூனைக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் போனை அணைக்க வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"உங்கட மகன் கெட்டிக்காரன்தான்," என்றார் ஆசிரியை. "ஆனா எந்த வேலையைக் கேட்டாலும், நாளைக்குக் கொண்டாறன் மிஸ் எண்டுதான் சொல்லுறார். முகத்தைப் பாத்தா நம்பத்தான் தோணுது. இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்தது?"

"தெரியாது மிஸ். வீட்டில ஆரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை."

போன் மறுபடி அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். திரையில் இப்படி இருந்தது: "'நாளைக்குக் காலையிலே முதல் வேலையா ஆள் வரும்' என்று வாடிக்கையாளருக்கு உறுதி அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் டெக்னீசியனின் நாட்காட்டியில் வேலை எதுவும் பதிவாகவில்லை. இதுபோன்றவற்றைச் சரிசெய்யட்டுமா?" அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று வழக்கமாக நான் அழுத்துவது. மற்றது "எப்போதும் அனுமதி".

ஆசிரியை கையை நீட்டினார். "அதைக் கொஞ்சம் மேசையில வைக்கிறீங்களா, அம்மா?"

நான் இரண்டாவதை அழுத்திவிட்டுப் போனை மேசையில் வைத்தேன். அதன் பிறகு அது அதிரவே இல்லை. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்த வசனத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சொல்லித் தந்த வசனம் அது. அவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் இப்போது கனடாவில் நிம்மதியாக இருக்கிறார். "கோபத்தில நிக்கிற மனுசருக்கு விளக்கம் குடுக்காதேங்கோ," என்பார். "அவைக்கு நாளைக்கு எண்டு ஒரு நாளைக் குடுங்கோ." அதனால் யார் கத்தினாலும், எந்தச் சாமான் பழுதானாலும், கதைத்து முடிக்கும்போது நாங்கள் எல்லோரும் சொல்வதும் முறைப்பாட்டில் எழுதி வைப்பதும் அதுதான். நாளைக்குக் காலையிலே முதல் வேலையா ஆள் வரும். கேட்கிறவர் தணிந்துவிடுவார். ஆள் முடிந்த நாளில் போவார். கொழும்பில் அதை யாரும் பொய் என்று எடுப்பதில்லை. வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டுப் போங்கோ என்பது போல அதுவும் ஒரு மரியாதை.

ஆனால் முதல்நாள் பின்னேரம் நான் அதே வசனத்தை ஒருவரிடம் மனதாரச் சொல்லியிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து மெர்சி அக்கா என்று ஒருவர் எடுத்தார். சனிக்கிழமை அவருடைய மகளுக்குக் கல்யாணம். பின்னேரம் தேவாலயத்தில் தாலி கட்டி, பிறகு வீட்டு மாடியில் விருந்து. ஒரு மாதமாகத் தன் கையாலேயே கட்லட்டும் ரோல்ஸும் பேட்டிஸும் செய்து ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்குப் பொரிப்பதுதான் மிச்சம். அந்த ஃப்ரீசர் குளிரவில்லை.

"மிஸ், சாப்பாட்டு ஆளுக்கும் நான் சொல்லல. எம்புள்ளைக்கு என் கையால செஞ்சு போடணும்னு ஆசப்பட்டேன். இது கெட்டுப் போச்சுன்னா வாறவங்களுக்கு வைக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த உணர்ச்சியில் எனக்கு வாயில் வந்த வசனம், வேறெது, அதுதான். நாளைக்குக் காலையிலே முதல் வேலையா ஆள் வரும். உடனே எங்கள் டெக்னீசியன் பைசலைக் கூப்பிட்டு, காலையில் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போகச் சொன்னேன். வாயால்தான் சொன்னேன். சனிக்கிழமைகளில் வேலைக்கு வருவது அவர் ஒருவர்தான்.

சந்திப்பு முடிந்து கந்தோருக்கு வந்தபோது ஷர்மிளா திரையைப் பார்த்தபடி நின்றாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, நீங்கள் புதுப்பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லையே."

"அது எங்கட வாக்கெல்லாத்தையும் காப்பாத்திக்கொண்டிருக்கு."

புதுப்பிள்ளை நாங்கள் இதுவரை யாருக்கெல்லாம் அந்த வசனத்தை எழுதினோமோ அத்தனை பேரையும் தேடி எடுத்திருந்தது. ஆள் போனதாகப் பதிவில்லாத எல்லோருக்கும் ஒரு நேரம் போட்டிருந்தது. அவர்களுடைய "நாளை" எல்லாம் எப்போதோ கடந்துபோய்விட்டதால், மேலும் தாமதம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டிருந்தது. எல்லோருக்கும் மெசேஜும் போய்விட்டது. அதிக நாள் காத்திருந்தவர் முதலில் என்பது அதன் ஒழுங்கு. மிக நியாயமான ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி முதல் இடத்தில் இருந்தது நுகேகொடையில் ஒரு மேசை மின்விசிறி. அந்த முறைப்பாடு வந்தபோது என் மகனுக்குப் பால் பற்கள் இருந்தன.

கடைசி இடத்தில் கொட்டாஞ்சேனை இருந்தது. நேற்றுச் சொன்ன வாக்குத்தானே.

இதில் எனக்கு இன்னும் நடுக்கம் தருவது ஒன்று உண்டு. அது எதையும் பிழையாக விளங்கவில்லை. அத்தனை பேருக்கும் சொன்ன அதே சொற்களை, அதே வரிசையில், மெர்சி அக்காவுக்கும் நான் எழுதியிருந்தேன். எது மரியாதைக்குச் சொன்னது, எது மனதாரச் சொன்னது என்று கண்டுபிடிக்க அதற்கு ஒரு துரும்பும் நான் விட்டு வைக்கவில்லை.

பைசலைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் அடுத்த பிழையைச் செய்தேன். புதுப்பிள்ளையிடம் தட்டினேன்: "கொட்டாஞ்சேனை தவிர எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு, இன்று வர முடியாது என்று சொல். நம் கந்தோர் வழக்கப்படி எழுது."

அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் எப்போதும் அனுமதி கொடுத்துவிட்டேனே. நம் கந்தோர் வழக்கப்படி எப்படி மன்னிப்புக் கேட்போம் என்று பழைய முறைப்பாடுகளைப் பார்த்து, அதையே அழகாக எழுதி அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் வாசித்தேன். முடிவு இப்படி இருந்தது: "குறை நினைக்க வேண்டாம். ஒருக்கா எங்கட ஒஃபிஸ் பக்கம் வாங்கோ. ஒரு பிளேன்டீ குடிச்சு ஆறுதலாக் கதைப்பம்."

ஷர்மிளா இதை உரக்க வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது உங்கட வசனம்தானே அக்கா?"

"எல்லாரும் எழுதுறதுதான். இவ்வளவு நாளா ஒருத்தராவது வந்தவரோ?"

"இவ்வளவு நாளா ஒரே நேரத்தில எல்லாருக்கும் எழுதினனாங்களோ?"

முதலாவதாகத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் ஒன்று வந்தது. அதாவது, கேத்தலைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா வந்தார். அதற்குப் பின்னால் ஒரு ரைஸ் குக்கர், ஒரு மிக்சி, சேலையில் சுற்றிய ஒரு மைக்ரோவேவ். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருந்தவர்கள் நடந்தே வந்துவிட்டார்கள். நம் மாடிப்படி எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஏறுகிறவர் நிற்க, இறங்குகிறவர் நிற்க, நடுவில் ஒரு வாஷிங் மெஷினின் கதவு மட்டும் தனியாக நின்றது. கோபத்தில் யாரும் வரவில்லை என்பதுதான் பயங்கரம். கூப்பிட்டதற்காக வந்திருந்தார்கள். ஒருவர் வரும் வழியில் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். கீழே சாப்பாட்டுக் கடையில் தேநீருக்குச் சொன்னோம். "எனக்குச் சீனி குறைய," என்றார் கேத்தல் அம்மா.

அப்போதுதான் எனக்கு உருப்படியான யோசனை ஒன்று வந்தது.

"ஷர்மிளா, அந்த இணைப்பைக் கழட்டு."

"எதை முதல்ல நிப்பாட்ட? மெசேஜையா, நாட்காட்டியையா?"

"எல்லாத்தையும். பிறகு யோசிப்பம்."

இதை மட்டும் மனதில் வையுங்கள். கை கொதிக்கிற சட்டியில் இருக்கும்போது எந்த எண்ணெய் பூசலாம் என்று யோசிக்கக் கூடாது. முதலில் கையை எடுக்க வேண்டும். நான் அதை இரண்டாவதாகச் செய்தேன்.

இணைப்பு போன பிறகும் பைசலின் போனில் பழைய வரிசைதான் இருந்தது. அதன் முதல் இடத்தில்தான் அவர் இருப்பார். மின்விசிறிக்காரரின் முறைப்பாட்டில் வீட்டு லாண்ட்லைன் இலக்கம் இருந்தது. எடுத்தேன். நிதானமான ஒரு குரல்.

"ஹலோ, சிற்றம்பலம் கதைக்கிறன். இளைப்பாறிய தபாலதிபர்."

"ஐயா, நான் கம்பனியில இருந்து…"

"ஆ, சந்தோசம். ஆள் வந்திட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே காலையிலேயே வந்திட்டார்."

சொன்ன மாதிரியே என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குக் காது சூடாகியது. பைசலிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மேடம், எண்ட போன் வேன்ல ஈக்கிது. நான் கொட்டாஞ்சேனைக்குத்தான் வெளிக்கிட்டன்," என்றார் பைசல். "நடு வழில போன் அப்ல வேல மாறிட்டு. இனி அப்ல ஈக்கிறதுதான் சட்டம், என்னோட வாதாட வேண்டாம் எண்டு நீங்கதானே போன கிழம சொன்னீங்க."

"ஓம், சொன்னனான். இப்ப உடன கொட்டாஞ்சேனைக்குப் போங்கோ பைசல். கலியாண வீடு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "போக ஏலா மேடம். ஐயா வாசல் கேட்டப் பூட்டிட்டார்."

"என்ன?"

"சாவி அவருட்ட சட்டைப் பொக்கட்ல ஈக்கிது. ஃபேன் சுத்தினாத்தான் கேட் திறக்குமாம். ஃபேனுக்கு மோட்டர் மாத்தணும், அது எண்ட வேன்ல இல்ல. நான் சொன்னா, போய் எடுத்திட்டு நாளைக்கு வருவீர் என்ன, எண்டு சிரிக்கிறார்."

நான் தலையில் கை வைத்தேன். படியில் நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு மனிதரை இத்தனை வருடம் காக்க வைத்துவிட்டு, கையில் கிடைத்த ஆளை விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? பழகிய வாய் பழகிய வசனத்தை எடுக்கப் பார்த்தது. சத்தியமாக அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கினேன்.

"ஐயாட்டக் குடுங்கோ," என்றேன். பிறகு அவரிடம் சொன்னேன்: "ஐயா, உங்களுக்கு அந்தக் காலத்தில நாளைக்கு ஆள் வரும் எண்டு எழுதினது நான். ஆள் இருக்கோ எண்டு பாக்காமத்தான் எழுதினனான். இண்டைக்கு வந்ததும் எங்கட பிழையாலதான் வந்தவர். கொட்டாஞ்சேனையில ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னேரம் கலியாணம். தாய் ஒரு மாசமாச் செய்து வச்ச சாப்பாடு ஃப்ரீசருக்க கிடந்து இளகுது. எங்களிட்ட இண்டைக்கு இருக்கிறது பைசல் ஒருத்தர்தான். அவரை விடுங்கோ ஐயா. உங்கட ஃபேனுக்கு மோட்டர் எப்ப வரும் எண்டு எனக்கு இப்ப தெரியாது. தெரிஞ்ச பிறகுதான் சொல்லுவன்."

மறுமுனையில் சாவி குலுங்கியது கேட்டது.

"அவரை விடுறன்," என்றார். "ஆனா நானும் ஃபேனும் வேனில வருவம். உங்களை நம்பாமல் இல்லைப் பிள்ளை. எண்டாலும் வருவம்."

போனை வைத்துவிட்டுப் படியைப் பார்த்தேன். அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? இன்றைக்கு ஒருவருக்கும் ஆள் வராது, திங்கட்கிழமை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உண்மையான ஒரு நாளைச் சொல்வோம் என்று சொன்னேன்.

"அப்ப இதுக்கு முதல் சொன்ன நாளெல்லாம்?" என்று கேட்டார் மைக்ரோவேவ்காரர்.

ஷர்மிளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எனக்குப் பார்க்க ஜன்னல் கிடைக்கவில்லை.

கேத்தல் அம்மாதான் காப்பாற்றினார். "அந்தக் கதைய பிறகு கதைக்கலாம். கலியாணச் சாப்பாடு பழுதாகுது. இவ இங்க நிண்டு என்ன செய்யிறா? வழிய விடுங்கோ."

வழி விடுவதற்காக ஒரு ரைஸ் குக்கர் பின்னுக்குப் போனது. அந்த வாஷிங் மெஷின் கதவை இரண்டு பேர் தலைக்கு மேலே தூக்கினார்கள். அதற்குக் கீழால் நான் குனிந்து இறங்கினேன்.

பக்கத்து மீன் கடையில் ஐஸ் வாங்கி, சாக்கில் கட்டி, ஓட்டோவில் ஏற்றினேன். காலி வீதி முழுவதும் அது என் செருப்புக்குள் உருகியது. மீன் வாசம் வேறு. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, மிஸ் கொட்டாஞ்சேனையில் மீன் கடை போடப் போகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

மெர்சி அக்காவின் வீடு வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கைக்குள், மாடியில். வாசலிலேயே நின்றார். என் காலிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"இதுதான் உங்க முதல் வேலையா, மிஸ்?"

"டெக்னீசியன் வந்துகொண்டிருக்கிறார் அக்கா."

"நாளைக்கா?"

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். ஐஸ் சாக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னம்மா ஃப்ரீசரின் மூடியைத் திறந்து, ரோல்ஸை விரலால் அழுத்தி, "இன்னும் கல்லாத்தான் இருக்கு" என்றார். மூடினார். ஒரு சித்தப்பா வந்து திறந்தார். "கொஞ்சம் இளகியிருக்கே." மூடினார். அடுத்து ஒரு மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து இப்படித்தானாம். குளிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இருந்த குளிரையும் எல்லோரும் வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் நானும் நெற்றியில் இப்படித்தான் கை வைப்பேன். குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஐஸை உள்ளே அடுக்கினோம். ஆனால் மூடியை யார் காப்பது? உறவுக்காரர்களிடம் திறக்காதீர்கள் என்று சொன்னால், ஏன் என்று பார்க்கத் திறப்பார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு ஒருவரும் எழும்பச் சொல்ல முடியாத ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

"பிள்ளை," என்று மணப்பெண்ணைக் கூப்பிட்டேன். தலை முழுக்கச் சுருள் போட்டு, முகத்தில் பாதி மேக்கப்போடு வந்தாள். "இதுக்கு மேல ஏறி இருங்கோ."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் என்னைப் பார்த்தார். பிறகு, "ஏறு" என்றார்.

பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து விரித்து, அவளை ஃப்ரீசரின் மேல் உட்கார வைத்தோம். அலங்காரம் செய்ய வந்த பெண் முக்காலியைப் போட்டு ஏறி மிச்ச மேக்கப்பை அங்கேயே செய்தாள். வந்த உறவுகள் எல்லாம் அவளைப் பார்த்து, வாழ்த்திவிட்டு, மூடியைத் தொடாமல் போனார்கள். கீழே இருந்து தனக்குக் குளிருகிறது என்று அவள் சொன்னதும் மெர்சி அக்காவின் முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. "குளிருதா? நல்லாக் குளிருதா? அசையாம இரு" என்றார்.

அடுத்து ஒன்றும் செய்வதற்கில்லை. நானும் மெர்சி அக்காவும் வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு எத்தன புள்ள?" என்று கேட்டார். சொன்னேன். மகன் எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்கிறான் என்பதையும், ஏனோ, சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒழுங்கையில் போன ஒரு நாய் நின்று திரும்பிப் பார்த்தது.

ஒழுங்கை முனையில் வேன் வந்து நின்றது. பைசல் பெட்டியோடு ஓடி வந்தார். மணப்பெண்ணை ஃப்ரீசரின் மேல் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இவ இறங்கணுமா, இல்லாட்டி இவவோடயே இழுக்கிறதா?"

அவளை இறக்கினோம். பைசல் ஃப்ரீசரை முன்னுக்கு இழுத்து, பின் தகட்டைக் கழற்றி, ஏதோ ஒரு சின்னச் சாமானை வெளியே எடுத்தார். அது கருகியிருந்தது. அதன் பெயரை அன்றைக்கே மறந்துவிட்டேன். வேனில் புதியது இருந்தது. அதைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அது ஒருமுறை செருமிவிட்டு, உறுமத் தொடங்கியது. மெர்சி அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடினார். மூடியைத் திறந்து பார்க்கப் போன மாமியின் கையை மணப்பெண்ணே தட்டிவிட்டாள். ரோல்ஸ் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அன்று பின்னேரம் நான் சாப்பிட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதுப்பிள்ளையை அடுத்த கிழமையே மறுபடி இணைத்தோம். வாசிப்பதற்கு அது இப்போது யாரையும் கேட்பதில்லை. வாடிக்கையாளரின் கண்ணில் படும் எதற்கும் கட்டாயம் கேட்கும். அது கேட்பது குறைவு என்பதால் நீங்கள் வாசிக்கிறீர்கள். அந்த அனுமதித் திரையை உங்களில் ஒருவர் அலுப்பில் மாற்றப் பார்த்ததாக ஷர்மிளா சொன்னாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அதோடு, உங்கள் பழைய மெசேஜ்களை ஒருநாள் இருந்து வாசியுங்கள். நீங்கள் சொன்னதை எல்லாம் அப்படியே செய்யக்கூடிய ஒன்று உங்கள் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

அன்றைக்குக் கடைசியாக ஒருவர் வந்தார். பைசல் ஸ்க்ரூக்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் மெதுவான காலடி கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம். வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்ட ஒரு உயர்ந்த மனிதர், ஒரு மேசை மின்விசிறியைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றார். அதன் வயரைச் சுத்தமாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். மூச்சு வாங்கினார். உறுமும் ஃப்ரீசரைப் பார்த்தார், தலையில் சுருளோடு நின்ற பெண்ணைப் பார்த்தார், ஈரச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்தார். நான்தான் போனில் கதைத்தவள் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"அவசரமில்லைப் பிள்ளை," என்றார். "எனக்கு நாளைக்கு எண்டாலும் போதும்."